கருமாதி இல்லாத துக்கம்

இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிப் போட்டிருந்தார்கள். பக்கத்திலிருப்பவர் காலை ஆட்டினால் நாச்சிமுத்துவின் முதுகும் சேர்ந்து ஆடியது. அவர் வலது கையை விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். யாராவது பார்த்தால் மீசையைத் தடவப் போகிறவர்போல எடுத்துக்கொள்வார், அவர்கள் முகத்தைத் திருப்பியதும் கை தானாக அங்கேயே போய்விடும். அங்கேதான் இருக்கிறதாம் ஈரல். கூத்தைப் பாருங்கள், ஐம்பதை எட்டப்போகிற மனுஷன், அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று போன மாதம்வரை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, வலித்ததா? வலித்திருந்தால் நிறுத்தியிருப்பேனே. பல் வலித்தால் தூக்கமில்லை, காலில் ஒரு முள் ஏறினால் நடக்க முடிவதில்லை, இந்தச் சனியன் மட்டும் ஊற்றினதையெல்லாம் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, போதும்டா நாச்சிமுத்து என்று? இப்போது அழுத்தினால் வலிக்கிறதா? லேசாக வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இல்லை, அழுத்துவதால் வலிக்கிறது. நல்லா இருக்கிறவன் அழுத்தினாலும் வலிக்கத்தானே செய்யும். பக்கத்தில் இருக்கிறவனை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எப்படிக் கேட்பது, ஏனுங்க, உங்க விலாவக் கொஞ்சம் அழுத்திப் பாத்துக்கட்டுங்களா என்றா? சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டைக்குழியிலேயே நின்று புளித்தது. பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் அவருடைய மகள் தாரணி படுத்துக் கிடந்தாள். அவளுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. ஒரு துளி தொடாதவள். பிறவியிலேயே உடம்பில் செம்பு வெளியேறாமல் உள்ளேயே படிகிற சீக்காம், சொந்தத்தில் கட்டினால் வருவதுண்டாம். சொந்தத்துலயா கட்டுனீங்க என்று டாக்டர் கேட்டபோது, ஆமாங்க, சொந்த மாமன் மக, எங்க வழியில வெளிய போனதே கிடையாதுங்க என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்தான் இவர். சொன்ன பிறகுதான் டாக்டர் ஏன் கேட்டார் என்பது மண்டையில் ஏறியது. இன்னொருத்தர் ஈரலில் பாதியை வெட்டி வைத்தால் பிழைப்பாள் என்றார்கள். கட்டினவன் ரத்தம் சேரவில்லை. பெற்றவளுக்குச் சர்க்கரை, அவள்மேல் கத்தி வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மிச்சம் அப்பன். அப்பன் ரத்தம் சேர்ந்துவிட்டது. இனி அந்த ஈரல் நல்லதா கெட்டதா என்று மெஷினில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி, அதற்குத்தான் இந்த நாற்காலி. வெட்டினாலும் மறுபடி வளர்ந்துடுமுங்க, பயப்படாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றிலிருந்து விடவேயில்லை. வெட்டினதே வளருமென்றால், குடித்துக் கெட்டதும் ஆறியிருக்கும்தானே? சேதி வந்த அன்றைக்கே நிறுத்தியாயிற்று. கை உதறியது, வேர்த்துக் கொட்டியது, சுவரெல்லாம் பல்லி பல்லியாக ஊர்ந்தது, இருந்தாலும் தொடவில்லை. தினம் விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தாயிற்று. ஆறியிருக்கும். ஆறாமல் என்ன.

தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமையானால் காசிம் பாய் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பார். பாய் ஈரலை உள்ளங்கையில் போட்டு விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பேச்சே இல்லை, நாய்க்கு வீசிவிடுவார். பாப்பாவுக்கா? அப்ப இருங்க, இதை விட்டு அடுத்த ஆட்டுல தர்றேன். தாரணிக்கு ஈரல் என்றால் உசிர். மிளகும் உப்பும் போட்டு அம்மாக்காரி துளசிமணி வறுக்கும்போதே அடுப்படியில் போய் நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே எடுத்து வாயில் போட்டு, ஆ ஆ என்று சூட்டோடு குதிப்பாள். ஈரல எடுத்துட்டா ஆடு என்னங்கப்பா பண்ணும்? அடி கழுதை, ஆடே போச்சு, அப்புறம் அது என்ன பண்ணும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என்ன சிரிப்பு. இப்போது அவர் ஈரலை யாராவது உள்ளங்கையில் போட்டு அழுத்திப் பார்த்தால்? மெத்தென்று இருக்குமா? புள்ளி இருக்குமா? லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர் அவர். பழைய வண்டி பட்டறைக்குள் வந்ததும் சுத்தியல் காம்பால் பலகையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல பலகை கணீர் என்று பேசும், உள்ளே உளுத்தது பொத்தென்று கேட்கும், மேலே பெயின்ட் பளபளத்தாலும் அந்தச் சத்தம் பொய் சொல்லாது. ஊர் ஊராக வண்டி வரும் அவரிடம். பெயர்ப் பலகையில் தாரணி பாடி பில்டர்ஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது, அவள் பிறந்த வருஷம் போட்டது. அவள் ஒருத்தனோடு வீட்டை விட்டுப் போனதும் அதை அழிக்கச் சொன்னார். பெயின்டர் கை ஓடாமல் நின்றான். அழிடா என்று கத்தியதும் ஒரு கோட் வெள்ளை அடித்துவிட்டுப் போனான். அதற்கு மேலே வேறு பெயர் எழுதவே இல்லை. எழுத என்ன பெயர் இருந்தது? என்ன அழித்து என்ன, டிரைவர்கள் விடவில்லையே, சங்ககிரியில் இறங்கி, ஏனுங்க தாரணி பட்டறை எங்கீங்க என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவருக்கு ஒரு குவார்ட்டர் தேவைப்பட்டது. விலாவில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். சட்டைத் துணியின் சத்தம்தான் வந்தது. எதிரே இருந்த அம்மாள் பார்த்தாள், அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கௌதமன் என்று ஒருத்தன், பாலிடெக்னிக்கில் வாத்தியார், நல்ல பையன்தான், அதை இப்போது சொல்லலாம். அன்றைக்கு அவர் காதில் விழுந்தது அவன் பெயரும் இல்லை, வேலையும் இல்லை, தெருப் பெயர் மட்டும்தான். எந்தத் தெரு என்று தெரிந்ததும் சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் வாசலில் வந்து நின்றுவிட்டது. என்ன பண்ணப்போற நாச்சிமுத்து? நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டாமா? நாங்க உன்ற வீட்டுப் பொழக்கத்த வச்சுக்கோணும்னா நீ தலை முழுகித்தான் ஆகோணும். தலை முழுகினார். உசிரோடு இருக்கிற பிள்ளைக்கு அப்பன் நடுவாசலில் உட்கார்ந்து, பங்காளிகள் குடம் குடமாக ஊற்ற ஊற்ற, கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். துளசிமணி மட்டும் வரவில்லை. நான் பெத்தவ உசுரோட இருக்கறா, என்ற தலையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பொம்பளைக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லையேடா பாவி. அதோடு விட்டாரா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேறு. அவரே அச்சாபீசுக்குப் போனார். போட்டோ கேட்டான், பிளஸ் டூ பரீட்சைக்கு எடுத்ததைக் கொடுத்தார், ரெட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன் தளர்ந்து தொங்கும். எப்பங்க தவறுனாங்க, தேதி என்ன போடட்டுமுங்க என்று அவன் பயபக்தியோடு கேட்டான். இவர் கல்யாணத் தேதியைச் சொன்னார். சொன்னாரே! நாக்கு அழுகவில்லையே! பஸ் ஸ்டாண்டு சுவரில், பால் சொசைட்டி சுவரில், பட்டறைக்கு எதிர்ச்சுவரில், ரெட்டைச் சடையோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்தாளா? யாராவது போட்டோ எடுத்து அனுப்பாமலா இருந்திருப்பார்கள்? பார்த்திருப்பாள். அப்பா நம்மளைச் சாகடிச்சுட்டாரு என்று... ஐயோ, அதை நினைக்கக் கூடாது, ஈரலை நினை, ஈரலை. அன்றைக்குச் சாயங்காலம் பங்காளி சென்னியப்பன்தான் முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தான். ஆம்பளை அழுவக் கூடாதுண்ணா, இதக் குடி, துக்க வீட்டுல குடிச்சாத் தப்பில்ல. குடித்தார். இறங்கினதும் நெஞ்சு மரத்துப்போனது, அப்பாடா என்றிருந்தது. மறுநாளும் துக்கம் இருந்தது, குடித்தார். அதற்கடுத்த நாளும் இருந்தது. செத்துப்போனவர்களுக்குக் கருமாதி என்று ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்து, போதும் எந்திரி, பொழப்பப் பாரு என்று சொல்லி, தலைப்பாகை கட்டி, எழுப்பிவிடுவார்கள். உசிரோடு இருக்கிறவளுக்கு என்ன கருமாதி? யார் வந்து எழுப்புவார்கள்? தலை முழுக வந்த கூட்டம் சோறு தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. துக்கத்தை எந்த நாளில் முடிக்க வேண்டும் என்று ஒருத்தனும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் முடிக்கவில்லை. காலையில் பல் விளக்கினதும், மத்தியானம் பட்டறை லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் கடையில் நின்றுகொண்டே. வருஷம் இரண்டு போய், மூன்றாவது வந்து, அதுவும் பாதி போயிற்று.

“டோக்கன் கூப்பிட்டாங்களாங்க?”

கௌதமன் வந்து நின்றான். கையில் ஒரு பூந்துவாலை. சவரம் செய்து நாலு நாளாவது இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அவரைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“இன்னும் இல்லப்பா.”

“உள்ள ஏசி ஜாஸ்திங்க. இதப் போத்திக்குங்க. தாரணிதான் குடுத்தனுப்புனா.” துவாலையை அவர் மடியில் வைத்துவிட்டு, “ஒருக்கா மேல வந்து அவளப் பாத்துட்டு வந்துருங்களேன். கேட்டுக்கிட்டே இருக்கறா” என்றான்.

“டெஸ்ட்டு முடியட்டும்.”

டெஸ்ட்டு முடியட்டும், டெஸ்ட்டு முடியட்டும், நேற்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் உண்டா? ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிற முகமா இது? போஸ்டர் ஒட்டின கை, அந்தக் கையில் ஈரலைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் ஒருவேளை நிமிர்ந்து பார்க்கலாம். இந்தா சாமி, அப்பன் கொண்டாந்துட்டேன் என்று சொல்லலாம். அதில்லாமல் என்னத்தைச் சொல்வது? துவாலையில் அவள் தலை எண்ணெய் வாசம் அடித்தது. மூக்கில் படாமல் தோளில் போட்டுக்கொண்டார், பட்டால் உடைந்துவிடுவார். இவன் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துளசிமணியை வாய் நிறைய அத்தை என்கிறான், இவரிடம் வந்தால் வாங்க, போங்க, இருங்க, அவ்வளவுதான். எப்படிக் கூப்பிடுவான், எந்த முறையைச் சொல்வான், செத்துப்போனவள் புருஷன் அல்லவா. இவனிடம் சொல்லிவிடலாமா? முந்தாநாள் டாக்டர் கேட்டாரே, பழக்கம் ஏதாவது உண்டுங்களா என்று, இவனும் பக்கத்தில்தான் நின்றான், எப்பவாவதுங்க, கல்யாணம் காட்சின்னா என்று சொல்லிவிட்டார். அந்த எப்பவாவது அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. உண்மையைச் சொன்னால் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? மெஷின் ஏமாந்துவிட்டால்? உளுத்ததைக் கொண்டுபோய் அவள் வயிற்றில் வைத்துத் தைத்து, அது இரண்டாம் தடவையும் அவளைக் கொன்றால்? முதல் தடவை காகிதத்தில்தான் கொன்றோம். வேண்டாம். சொல்லிவிடு. சொன்னால் போய்விடுமே. போகட்டும், சொல்லு. இதே இடத்தில் வந்து வந்து முட்டிக்கொண்டு நின்றது மனசு.

“நான் டாக்டர்கிட்டப் பொய் சொல்லீட்டேன்ப்பா” என்றார்.

“தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“நீங்க தினமும் குடிச்சது. அத்தை சொல்லியிருக்காங்க. தாரணிக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் நீ டாக்டர்கிட்டச் சொல்லல?”

அவன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சொல்லப் போனனுங்க. அவதான் விடல. அப்பாவ யாரும் காட்டிக் குடுக்க வேண்டாம், அவரே சொல்லுவாருன்னா.”

அவரே சொல்லுவாரு. எதை நம்பிச் சொன்னாள் அந்தக் கழுதை? இந்த அப்பன் அவளைப் பற்றி ஊருக்கே பொய் அச்சடித்து ஒட்டினவன், இவனா உண்மை சொல்வான் என்று தோன்றவில்லையா அவளுக்கு? நாச்சிமுத்து என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். துவாலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளே ஒரு பெண் டாக்டர், தாரணியைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம், சட்டையைத் தூக்கி, வலது கையைத் தலைக்கு மேல வச்சுப் படுங்க என்றாள். படுத்தார். ஜெல்லைத் தடவினாள், சில்லென்றது. அம்மிணி, ஒரு நிமிஷமுங்க, நான் எப்பவாவதுன்னு சொன்னது பொய்யுங்க, தினமும் குடிச்சனுங்க, காலையிலயே குடிச்சனுங்க, மக போனதுலருந்து குடிச்சனுங்க, இப்ப விட்டுட்டனுங்க, கீழாநெல்லி சாப்பிடறனுங்க. ஒரே மூச்சில் எல்லாம் வந்துவிட்டது. அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, சொன்னது நல்லதுங்க, மூச்ச மெதுவா விடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, விலாவுக்கு நடுவில் மெஷின் குமிழை வைத்து அழுத்தினாள். உள்ளே யாரோ விரலால் சுண்டினதுபோல் டப் என்றது. மறுபடி டப். தட்டிப் பார்க்கிறாள்! அட, இவளும் பலகைதான் தட்டுகிறாள்! நாச்சிமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். கணீர் என்று வா, கணீர் என்று வா, என் அப்பனே, ஒரே ஒரு தடவை. டப். எல்லாச் சத்தமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவர் காதுக்குப் பிடிபடாத சத்தம் இதுதான். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்துக்கு நடுவில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எந்திரிச்சு உட்காருங்க” என்றாள். துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தாள். “ஈரல் இறுகியிருக்குதுங்க. கொழுப்பும் நிறைய இருக்கு. இதுல எடுக்க முடியாது. எடுத்தா உங்க உசுருக்கே ஆபத்து.”

“என்ற உசுரு போனாப் பரவால்லீங்க அம்மிணி.”

“அவங்களுக்கும் பிரயோஜனப்படாதுங்க.”

“முழுசும் அப்படியே இருக்காதுங்களே. எங்கியாச்சும் ஒரு ஓரத்துல நல்ல பக்கம் இருக்கும். அதப் பாத்து ஒரு துண்டு...”

“அப்படித் தனியா நல்ல பக்கம்னு இல்லீங்க.” அவள் குரல் தாழ்ந்துவிட்டது. “நீங்க இனித் தொடாம இருந்தீங்கன்னா ஓரளவுக்குத் தேறும்.”

“எப்பத்திக்குங்க தேறும்?”

“நாளாகுமுங்க. வருஷக்கணக்குல ஆகும்.”

மேலே இருக்கிறவளுக்கு வாரக்கணக்கு சொல்லியிருந்தார்கள். பெரிய டாக்டரிடமும் பேசுவார்கள், மூளைச்சாவு ஆனவர்கள் ஈரலுக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள், பார்க்கலாம், அவள் சொல்லிக்கொண்டே போனாள், அவர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது. வெளியே வந்ததும் கண் நேராக வாசலைத்தான் தேடியது. ஓடிவிடலாம். பஸ் ஏறினால் பட்டறை, பட்டறைக்கு முன்னாலேயே கடை இருக்கிறது. ஒரு கிளாஸ், ஒன்றே ஒன்று. நினைத்தவுடனே வாயில் எச்சில் ஊறியது. தூ, நாயே! இப்போதுமா? பிள்ளை சாகக் கிடக்கிறாள், உன் ஈரலைத் தட்டிப் பார்த்துக் குப்பை என்று தள்ளிவிட்டார்கள், உனக்கு எச்சில் ஊறுகிறதா? சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. முட்டிக்கொண்டிருப்பார், அதற்குள் கௌதமன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான். அவனுக்கும்தானே போயிற்று, அவனுடைய பெண்டாட்டியும்தானே அவள். அவன் உதடு துடித்ததைப் பார்த்தார். இந்தப் பயலைத்தான் வெட்டுவேன் குத்துவேன் என்று இரண்டு வருஷம் கடையில் நின்று கத்தினோம். லிப்ட் கதவு திறந்தது, வாங்க என்றான். வெறுங்கையோடு, பிசுபிசுத்த வயிற்றோடு, அவன் இழுத்த இழுப்புக்குப் போனார்.

தாரணி ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். கண் மஞ்சளென்றால் அப்படியொரு மஞ்சள். கன்னம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் ஊதி, போர்வை மேடு தட்டியிருந்தது. சுவரில் ஒட்டின முகம்தானா இது? துளசிமணி கால்மாட்டிலிருந்து எழுந்து இடம் விட்டாள். அப்பா என்றாள் தாரணி. குரல் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு மாற்றமும் இல்லாமல், சட்டி ஈரலைச் சுடச்சுட வாயில் போட்டவள் குரல். நாச்சிமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆகாதுன்னுட்டாங்க சாமி.”

“சரிங்கப்பா.”

“நான் குடிச்சே கெடுத்துப்போட்டேன். உனக்கு ஆவறத நானே கெடுத்துப்போட்டேன்.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பேசுவதற்கே தெம்பு சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு அவர் கேட்காததை, அவர் இந்த ஒரு மாதமாக ஒரு தடவைகூடத் தனக்காக நினைக்காததைக் கேட்டாள்.

“உங்களுக்கு ரொம்பவாங்கப்பா கெட்டுப்போச்சு?”

“இறுகிப்போச்சாம்.”

“வலிக்குதுங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் மஞ்சள் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ யோசனை செய்கிறவளாட்டம்.

“எனக்கு இந்தச் சீக்கு மட்டும் இல்லாம இருந்திருந்தா, நான் உங்களுக்குக் குடுத்திருப்பனுங்கப்பா” என்றாள். “நம்ம ரத்தம் சேருதுன்னாங்களே.”

தலையில் குடம் குடமாக ஊற்றினபோது அழாதவர், இரண்டரை வருஷத்தில் ஒரு நாளும் அழாமல் குடித்தே தள்ளினவர், கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்து, அவள் கட்டிலில் முகத்தை வைத்து, ஓவென்று கத்தி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் ஓடி வந்தாள், இப்படிச் சத்தம் போடக் கூடாதுங்க, பெரியவரே, எந்திரிங்க, யாருங்க இவரு, யாரு உள்ள விட்டது என்று அதட்டினாள். அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. தாரணி கையை நகர்த்தி அவர் தலைமேல் வைத்தாள்.

“எங்கப்பாங்க சிஸ்டர்” என்றாள்.